ஞாயிற்றுக்கிழமைக் கொடி

கண்ணாடி வண்டியின் நாலு மூலையிலும் ரஜனிகந்தா என்கிற சம்பங்கிப் பூங்கொத்துகளைக் கட்டி முடித்து, கையைத் தட்டிக்கொண்டே கீழ்வீட்டுத் தபன் பாபு, பாகீரதியை அண்ணி முறை வைத்துப் பெங்காலியில் கேட்டார். "அப்போ பௌதி, முதல்ல ஆபீஸ்தானே?"

வாசலில் நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

தபன் பாபு கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கல்கத்தாவில் யார் போனாலும் வண்டி நேரே மயானத்துக்குப் போய்விடாது. கிளப், கட்சி ஆபீஸ், வேலை பார்த்த இடம் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு மாலையை வாங்கிக்கொண்டுதான் போகும். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பாகீரதிக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். போகிற மனுஷனை நாலு பேர் நடுத்தெருவில் நிறுத்தி, போய் வா என்று சொல்வதில் என்ன குறைச்சல்?

ஆனால் உள்ளே படுத்திருந்த அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவனுக்கு ஆபீஸ் எது? அதுதானே ஒன்பது வருஷத்துச் சண்டை.

அலிப்பூரில், ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்தும் நதிவழிப் போக்குவரத்து மையத்தில் அவர் இருபது வருஷம் வேலை பார்த்தார். கூட்டம் என்றால் எந்த நாட்டுக்காரர் பக்கத்தில் எந்த நாட்டுக்காரரை உட்காரவைப்பது, எந்தக் கொடி எந்தக் கம்பத்தில் ஏறுவது என்பதெல்லாம் அவர் பாடு. பதினோரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். முடிந்ததும் ஒரே ஒரு நாள் இடைவெளி. மறுபடி பதினோரு மாதம். கடைசியில் வயதாகி வெளியே வருகிற அன்றுதான், நீங்கள் ஸ்டாஃபே இல்லை, கன்சல்டன்ட் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"கன்சல்டன்டாம்! ஆலோசனை சொல்றவனாம்!" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து குதித்தார். "இத்தனை வருஷத்துல நீகூட என்னை ஒரு ஆலோசனை கேட்டதில்லையே பாகீ!"

சர்வதேச அமைப்பாம், நம் ஊர் கோர்ட் தொட முடியாதாம். அதற்கென்று தனியாக ஒரு தீர்ப்பாயம். நினைத்துக்கொண்டபோது ஒவ்வொரு நாட்டில் கூடும். அதில் வழக்குப் போட்டார். மையத்தின் சார்பில், இவர் ஸ்டாஃப் இல்லவே இல்லை என்று பதிலுக்குப் பதில் எழுதியது யார்? இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற சேஷாத்ரி. மையத்தின் சட்ட ஆலோசகர். இரண்டு பேரும் ஒரே கடையில் காப்பிப்பொடி வாங்கினார்கள், ஒரே கோவிலில் புளியோதரை வாங்கினார்கள், ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதம் விசாரணை. நேற்று சாயங்காலம், காப்பியில் சிக்கரி ஜாஸ்தி என்று குறை சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார்.

"அம்மா, இன்னிக்கு சண்டே" என்றான் அனந்த். பெங்களூரிலிருந்து காலை விமானத்தில் வந்தவன். அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "கேட் பூட்டியிருக்கும். பூட்டின கேட் முன்னாடி அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்தணுமா?"

"பூட்டினா பூட்டிண்டு போறா. அவர் என்ன உள்ள போய் நாற்காலியா கேக்கப் போறார்?"

"அவமானமா இருக்கும்மா. அவர் ஸ்டாஃபா இருந்தாத்தான் இனிமே உன் பேர்ல கேஸ் நடக்கும். கன்சல்டன்ட்னா இன்னியோட மூடிடுவா. இப்பவே அந்த சேஷாத்ரி அதுக்குத்தான் உட்கார்ந்து எழுதிண்டிருப்பார், பாரு."

பாகீரதிக்கும் அந்தச் சந்தேகம் காலையிலேயே வந்திருந்தது. சேஷாத்ரியின் மனைவி சுந்தரவல்லி விடிந்ததும் விடியாததுமாக ஃப்ளாஸ்கில் காப்பியோடு வந்தாள். பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள். உங்காத்துக்காரர் வரலையா என்று கேட்டதற்கு, "அவர் கார்த்தாலேயே ஆபீஸ் போயிட்டார் மாமி" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ்! மனுஷன் கட்டையிலே போவதற்குள் வழக்கை மூட என்ன அவசரம்! அந்தக் காப்பியைக் கொட்டிவிடலாமா என்றுகூட பாகீரதிக்குத் தோன்றியது. ஆனால் நல்ல காப்பி. குடித்துவிட்டாள்.

வாத்யார் கடிகாரத்தைக் காட்டினார். "மாமி, நாலரைக்கு ராகு காலம். கேவ்ராதலா மயானம் இதோ கூப்பிடு தூரத்துல இருக்கு. அதைத் தாண்டிப் போய், பாலம் ஏறி, அலிப்பூர் போய், மறுபடி திரும்பி வரணும்ங்கறேள்."

"அவருக்கு இனிமே என்ன அவசரம் வாத்யாரே?" என்று சொல்லிவிட்டுப் பாகீரதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"ஐயோ, பொம்மனாட்டிகள் வரப்படாது!"

"மயானத்துக்குத்தானே வரப்படாது? நான் ஆபீஸுக்கு வரேன். அங்கேர்ந்து டாக்ஸி பிடிச்சுத் திரும்பிடறேன்."

தபன் பாபுவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பது தெரிந்தது. முன்சீட்டில் ஏறி, "சலோ அலிப்பூர்" என்றார்.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை. மிருகக்காட்சிசாலைக்கு ஊரே திரண்டு வந்திருந்தது. பலூன்காரர்களும் கம்பளித் தொப்பி போட்ட குழந்தைகளும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த குடும்பங்களும் நடுரோட்டில். வண்டி நகரவே இல்லை. ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே எட்டிப்பார்த்து ராகவனுக்கு டாட்டா காட்டியது. அதன் அம்மா அலறியடித்துக்கொண்டு வந்து இழுத்துப்போனாள்.

பாகீரதிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் வருகிற அந்த ஒரு நாள் இடைவெளியில் அவளை இங்கேதான் கூட்டிக்கொண்டு வருவார். மற்ற நாளெல்லாம் கொடி, நாற்காலி, மந்திரி என்று பறக்கிறவர், அன்றைக்கு மட்டும் ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் நின்று நிதானமாக வேர்க்கடலை உரிப்பார். "இன்னிக்கு நான் எந்த ஆபீஸ் ஆளும் இல்லை பாகீ. உன் ஆள் மட்டும்தான்" என்பார். அந்த நாளுக்காக அவள் மனசுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள் என்பதை அவரிடம் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. வருஷம் முழுக்க அப்படி இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையில் அவர் படியிறங்குகிற மிடுக்கு இருக்கிறதே, அதையும் விட மனசு வராது. அந்த மனுஷனைப் போய் எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்களே. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, ஆமாம் எங்கள் ஆள்தான் என்று சொல்ல வேண்டாமா? இனி அவர் காதில் விழாது. தன் காதிலாவது விழட்டும் என்றிருந்தது அவளுக்கு.

வண்டி ஒருவழியாகத் திரும்பி மையத்தின் வாசலுக்கு வந்தது.

அனந்த் சொன்ன மாதிரியே கேட் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு அப்பால் புல்வெளி. ஐந்து நாடுகளின் கொடிக்கம்பங்களும் மொட்டையாக நின்றன. விடுமுறை நாளில் கொடி ஏற்றுவதில்லை. அதுவும் ராகவன் போட்ட ஒழுங்குதான்.

நடுக்கம்பத்தில் மட்டும் ஒரு கொடி இருந்தது. மையத்தின் கொடி. நீலத்தில் வெள்ளைப் படகு. கம்பத்தின் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அனந்த்துக்கு ஒன்றும் புரியவில்லை. பாகீரதிக்குப் புரிந்தது. டிரைவர் போனாலும் தோட்டக்காரர் போனாலும் ராகவன்தான் ஓடிப்போய் அந்தக் கொடியைப் பாதிக்கு இறக்குவார். கன்சல்டன்டாக வந்த பெரிய பெரிய ஆட்கள் போனபோது இறக்கியதில்லை. "ஸ்டாஃபுக்கு மட்டும்தான் பாகீ, விதி அப்படி" என்பார். ஊரான் துக்கத்துக்கெல்லாம் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாரே என்று அவள் கேலி பண்ணுவாள்.

கம்பத்தடியில், கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி சேஷாத்ரி நின்றிருந்தார். முழுக்கைச் சட்டை முழுக்க வியர்வை. அந்தக் குளிரில்! வண்டியைப் பார்த்ததும் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கேட்டைத் திறந்தார்.

"வாங்கோ மாமி. கார்த்தாலேர்ந்து நிக்கறேன். இந்த வழியாத்தான் வருவேள்னு தெரியும்."

பாகீரதி இறங்கினாள். அண்ணாந்து கொடியைப் பார்த்தாள். பார்த்தவள் பக்கென்று சிரித்துவிட்டாள்.

"படகைக் கவுத்துட்டேளே சேஷாத்ரி!"

சேஷாத்ரி திரும்பிப் பார்த்தார். படகு தலைகீழாகத் தொங்கியது. "ஐயையோ" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். "எனக்கு இதெல்லாம் எங்கே மாமி தெரியும்? அவர்தானே செய்வார்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் ரொம்ப நேரம் துடைத்தார்.

"உங்க வேலை என்னாறது?" என்று பாகீரதி கேட்டாள்.

"நாளைக்குக் கூப்பிட்டுக் கேப்பா. சொல்லிக்கறேன். ஸ்டாஃபுக்குத்தான் கொடி இறக்கணும்னு விதி. அது எனக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாதே?" அனந்த்தின் பக்கம் திரும்பினார். "போன்ல படம் எடுத்துக்கோடா அனந்த். கொடியோட நானும் விழணும். தீர்ப்பாயத்துல யார் இறக்கினான்னு ஒரு கேள்வி வரக்கூடாது."

அனந்த் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா..." என்றான். பையிலிருந்து போனை எடுத்தான்.

"எல்லாம் எடுக்கலாம்" என்றாள் பாகீரதி. "முதல்ல அதை இறக்கி நேராக் கட்டுங்கோ. கவுந்த படகோட படம் எடுத்தா அவர் எழுந்து வந்து சண்டை போடுவார்."

அனந்த் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்வெளியில் ஓடினான். இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினார்கள். எது மேல், எது கீழ் என்று வாக்குவாதம் நடந்தது. தபன் பாபுவும் உள்ளே புகுந்து பெங்காலியில் யோசனை சொன்னார். வாத்யார்கூடப் பஞ்சகச்சத்தைப் பிடித்துக்கொண்டு போய் முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"பாதியிலேயே நிறுத்தப்படாது" என்று பாகீரதி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "முதல்ல உச்சிக்குப் போகணும். அப்புறம்தான் பாதிக்கு வரணும். அவர் தலைபாடா அடிச்சுப்பார்."

சேஷாத்ரி கயிற்றை இழுத்தார். கொடி விறுவிறுவென்று ஏறியது. உச்சிக்குப் போனதும் எங்கிருந்தோ காற்று வந்து அதைப் பிரித்துவிட்டது. படகு நேராக, வெள்ளை வெளேரென்று நின்றது. மிருகக்காட்சிசாலைப் பக்கம் குழந்தைகள் ஓவென்று கத்தினார்கள். வண்டியின் கண்ணாடிக்குள் ராகவன் முகத்தில் ஒரு துளசி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. பாகீரதி கதவைத் திறந்து அதை எடுத்தாள்.

"இறக்கட்டுமா மாமி?" என்று சேஷாத்ரி கேட்டார்.

வாத்யார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருங்கோ" என்றாள் பாகீரதி. "இப்பத்தானே ஏறியிருக்கு."