நொண்டித் தபால்காரனின் நடை

சின்னக் காஞ்சிபுரத்தில் ஹேமாம்புஜத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் வயலினைக் கேளாதவர்கள் கிடையாது. கல்யாணக் கச்சேரியோ கோயில் உற்சவமோ, பாடுகிறவரின் தொண்டை கொஞ்சம் தளர்ந்தால் இவள் வில் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கும். அப்படிப்பட்டவள் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள்.

"நடக்கலாம், நிக்கலாம், நாற்காலியில உட்காரலாம். தரையில சம்மணம் போட்டு மட்டும் இனிமே உட்காரவே கூடாது" என்றார் டாக்டர்.

அவருக்கு அது சாதாரணப் பேச்சு. நம்மூர் வயலின்காரிக்கு அது என்ன பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, வாத்தியத்தின் தலையை வலது பாதத்தில் சாய்த்தால்தான் இடது கை கம்பியில் தாராளமாக ஏறி இறங்கும். கால் மடங்கவில்லை என்றால் வயலினுக்குச் சாய இடமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முயன்று பார்த்தாள். வயலின் நழுவியது. அதைப் பிடிக்கப் போய் அவளும் நழுவப் பார்த்தாள். அன்றோடு பெட்டியை மூடிவிட்டாள்.

புனேயிலிருந்து மகன் அச்சுத் போன் செய்தபோது அவளேதான் சொன்னாள்: "உன் ஆம்படையாள் ஸுஷ்மா வயலின் கத்துக்கறாளாமே. என்னோடதை எடுத்துண்டு போயிடுடா. சும்மா கெடந்து வீணாகப் போறது."

பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றான் அவன். போனை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே வெகுநேரம் இருந்தது.

காலுக்குப் பயிற்சி கொடுக்கத் தினமும் காலையில் அன்னம்மாள் வருவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வீடு ஓரிக்கையில். அவளை மொபெட்டில் கொண்டுவந்து விடும் புருஷன் சிட்டிபாபு, வாசலோடு நின்று காத்திருப்பார்.

ஒரு நாள், ஹேமாம்புஜத்தின் காலைத் தூக்கிப் பிடித்தபடி அன்னம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு சூப்பரா ரீல் விடுவாரு மாமி."

"ஐயையோ! கட்டினவரை இப்படியா பொய்யர்னு சொல்றது?"

"அட, அந்த ரீல் இல்லமா! ரீலுன்னா அயர்லாந்து டான்ஸ் பாட்டு. இவரு கப்பல்ல சமையல்காரரா இருந்தாரில்ல, அங்க ஒரு அயர்லாந்து இஞ்சினீரு பிடில் கத்துக்குடுத்தாரு. எங்க சர்ச்சுல கிறிஸ்மஸ்னா இவரு பிடில்தான். ஆனா ஒண்ணு மாமி, பாட்டுக்கு முன்னாடி ஒரு கதை சொல்வாரு பாருங்க, அது முழுக்க நீங்க நெனைச்ச ரீலுதான்."

விழுந்த நாளிலிருந்து ஹேமாம்புஜம் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். "நாளைக்குப் பிடிலோட உள்ள வரச் சொல்லு" என்றாள்.

மறுநாள் வந்தவர் வாசற்படியிலேயே தயங்கினார்.

"அங்கேயே நின்னு வாசிச்சா தெருவுக்குத்தான் கேக்கும். உள்ள வாங்கோ" என்று அவள் கூப்பிட்டாள்.

கூடத்தில் நின்றபடியே பிடிலை மோவாய்க்குக் கீழே இடுக்கிக்கொண்டார். "கதை சொல்லாம வாசிச்சா பாட்டு கோவிச்சுக்கும்னுவாரு எங்க இஞ்சினீரு. மொதல்ல ஒரு கோழி" என்று ஆரம்பித்தார்.

கிழவி ஒருத்தியின் கோழி பாதிரியார் வீட்டுக் கூரையில் போய் முட்டையிட்டதாம். முட்டை யாருக்கு என்று ஊர் இரண்டுபட்டு அடித்துக்கொள்ள, கோழி தன்பாட்டுக்கு இறங்கி வீட்டுக்கு நடந்ததாம். சொல்லி முடித்து வில்லைக் கம்பியில் வைத்தார். சுரங்கள் தானியம் கொத்தின.

அடுத்தது, கடலுக்குப் போன புருஷனுக்காகக் கரையில் விளக்கேந்தி நின்றவளின் பாட்டு. மெதுவானது.

"விளக்கு அணைஞ்சுதா?" என்று கேட்டாள் ஹேமாம்புஜம்.

"அது யாருக்கும் தெரியாது மாமி. அதான் கடைசி சுரம் எறங்காம நிக்குது."

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிட்டிபாபுவுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "இப்ப ஒரு தபால்காரன் கதை. அவனுக்கு ஒரு காலு குட்டை. தூரத்துல வரும்போதே டாங்குடக், டாங்குடக்னு நடை கேக்கும். நொண்டித் தபால்காரன்னு பேரு. அந்த நடையை ஒருத்தன் அப்படியே பிடில்ல புடிச்சிட்டான்."

நீளம், குட்டை, நீளம், குட்டை. பாட்டு விந்தி விந்தித் துள்ளியது. ஹேமாம்புஜத்தின் முகம் இறுகியது. கட்டிலோரம் சாய்த்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தாள்.

"என் நடையைப் பார்த்துட்டுத்தானே இதை எடுத்தேள்?"

வில் பாதியில் நின்றது.

"பரிகாசம் பண்ண என் கூடம்தான் கெடைச்சுதா? போறும். போயிட்டு வாங்கோ."

சிட்டிபாபு பிடிலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அன்னம்மாள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அத்தினி பாட்டு வெச்சுக்கினு இதையா எடுப்ப? வாய்யா வெளிய!" என்று வாசல்வரை திட்டு கேட்டது.

மத்தியானம் ஹேமாம்புஜம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். கோல் ஒரு நீளம், கால் ஒரு குட்டை. கோபத்தில் வேகமாக நடந்தாள். நடை மூன்று மூன்று எண்ணிக்கையாக, திஸ்ரமாக விழுந்தது. அவள் அதைக் கணக்குப் போடவில்லை. வாழ்நாளெல்லாம் தாளம் கேட்ட காது தானாகவே போட்டுக்கொண்டது. நம் பாட்டுகளிலும் நொண்டிச் சிந்து என்று ஒன்று உண்டே, அதைப் பரிகாசம் என்றா பாடினார்கள்? கூடத்துக்கும் சமையலறைக்குமாக மறுபடி நடந்தாள். தாகமில்லாமலே.

பிறகு பெட்டியைத் திறந்தாள். பீரோவில் முதுகைச் சாய்த்து நின்று, புடவைத் தலைப்பை மடித்துத் தோளில் வைத்து, வயலினை அதன்மேல் இடுக்கினாள். தோடி ராகத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். கை போன பக்கமே வாத்தியமும் போயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டாள். தபால்காரனை வாசித்தாள். அதில் கை எங்கும் வழுக்கிப் போக வேண்டியதில்லை, விரல்கள் நின்ற இடத்தில் குதித்தால் போதும். வயலின் அசையாமல் நின்றது. முதல் பாதி முழுக்க நின்றது. அழுகை வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

மறுநாள் அன்னம்மாள் தனியாகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். "மன்னிச்சுக்கங்க மாமி. அவரு ராத்திரி சோறு கூடத் துன்னல. தெருமுனையிலயே வண்டியை நிறுத்திட்டாரு."

"போய்க் கூட்டிண்டு வா. ரெண்டாம் பாதி எனக்கு வரலை."

சிட்டிபாபு வந்ததும் வராததுமாக, "சத்தியமா உங்க காலை நெனைக்கவே இல்ல மாமி" என்றார்.

"நெனைச்சிருந்தாத்தான் என்ன? அந்த ஊர்ல அவனைப் பார்த்து யாராவது சிரிச்சாளா?"

"எங்க சிரிக்கிறது? அந்தச் சத்தம் கேக்கலைன்னா, நம்ம கடுதாசி இன்னிக்கும் வரலையேன்னு அழுவாங்கமா."

அவள் தலையசைத்து, வயலினைத் தோளுக்குக் கொண்டுபோனாள்.

"வழுக்கிக்கினே போறீங்க மாமி. குதிங்க, குதிங்க!" என்றார் சிட்டிபாபு.

"இந்த இடுப்பை வெச்சுண்டா?"

"டாக்டரு உங்களைத்தான் குதிக்கக் கூடாதுன்னாரு. விரலைச் சொல்லல" என்றாள் அன்னம்மாள்.

மார்கழி அப்படியே போயிற்று. குதிக்கப் பழகிய பிறகு, மோவாயை அழுத்தி மெல்ல மெல்லச் சறுக்கவும் பழகினாள். ஒரு நாள் விளக்குக்காரியின் பாட்டில் கடைசிச் சுரத்தை அவள் ஒரு அசை அசைத்து நிறுத்தியபோது சிட்டிபாபு தன் பிடிலைக் கீழே இறக்கிவிட்டார். "இதை எனக்குச் சொல்லிக்குடுங்கமா" என்றார்.

போகியன்று காலையில் அச்சுத் வந்திறங்கினான். உள்ளே பிடில் சத்தம் கேட்டது. யாரோ கேசட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தவன், கூடத்தில் அம்மா நிற்பதைப் பார்த்தான். எதிரில் சிட்டிபாபு. இருவர் விரலும் குதிக்க, அன்னம்மாள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை அவன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"நின்னுண்டா வாசிக்கறே?"

"உட்கார்ந்தாத்தானே கூடாதுன்னார் டாக்டர்."

அவன் பார்வை காலிப் பெட்டிக்குப் போய்த் திரும்பியது. ஹேமாம்புஜம் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எடுத்துண்டு போன்னு சொன்னது நான்தான்டா. இப்போ இல்லேங்கறேன். எனக்கு இது வேணும்."

"ஸுஷ்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"மாமியாருக்கு இன்னும் வயசாகலைன்னு சொல்லு."

சிட்டிபாபு சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். அச்சுத் அடக்கவில்லை. பையைக் கீழே வைத்தான். தோளில் மடிந்து மடிந்து கசங்கிக் கிடந்த அம்மாவின் தலைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தோள்ல வயலினுக்கு முட்டுக் கொடுக்கறதுக்குன்னே ஒண்ணு விக்கறாம்மா. சென்னையில கெடைக்கும். எந்தத் தோளு, இடதா?"

அவள் அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.