ஜனவரி ஏழும் இருபத்தேழு விருந்தாளிகளும்

பந்து மறுபடியும் ஆற்றில் விழுந்தது.

"மூணாவது பந்துடா! ட்ரீனாவுக்கே கோல் போடுறீங்களா?" என்று கேலரியிலிருந்து ஒரு குரல். படகுக்காரர் சிகரெட்டை உதட்டில் கவ்விக்கொண்டே துடுப்பு போட்டு, வலையை நீட்டினார். ப்ரோடாவா மைதானத்தில் இது வாடிக்கை. ஒரு பக்கம் கேலரி, மறுபக்கம் ட்ரீனா ஆறு.

தெசாங்கா சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில், மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடங்களாக ஸ்ப்லாவார் அணியின் ஜெர்சிகளைத் துவைப்பவள் அவள். ஒவ்வொரு ஜெர்சியின் நெஞ்சிலும் மரத்தெப்பச் சின்னத்தைக் கையால் தைப்பவளும் அவள்தான். காட்டு மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் ஓட்டியவர்கள் தொடங்கிய கிளப் அது.

பைக்குள் புதுச் சின்னங்கள் நாற்பது. அவை ஜெர்சிக்குப் போகுமா, அடுப்புக்குப் போகுமா என்பது இன்னும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இக்கரையில் ஸ்ப்லாவார். அக்கரையில், இன்று எதிர்த்து ஆடுகிற விஹோர். சின்ன ஊருக்கு இரண்டு கிளப் கட்டுப்படியாகாது, அடுத்த சீசனிலிருந்து ஒன்றுதான் என்று கால்பந்துச் சங்கம் சொல்லிவிட்டது. எந்தக் கிளப் மூத்ததோ அதன் பெயர், நிறம், சின்னம் நிலைக்கும். மற்றது இன்றோடு சரி. சங்கத்தின் வக்கீல் ஓக்னென் மைதானத்தின் ஓரமாகக் குடை போட்ட மேசையில் இரண்டு கிளப்பின் பழைய ஏடுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் மைக்கில் முடிவைச் சொல்வார்.

சொல்ல என்ன இருக்கிறது? ஸ்ப்லாவார் ஏட்டில் 1922 டிசம்பர் 28. விஹோர் ஏட்டில் 1923 ஜனவரி 7. பத்து நாள் மூப்பு! ஸ்ப்லாவார் தலைவர், மர ஆலைக்கார ரடோஷ், காலையிலேயே இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தணலில் ஏற்றிவிட்டார்.

இருபதாவது நிமிடம். விஹோர் தலைவர் டிஹோமிர் பான்டிச் எழுந்தார். தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து வருகிற மனுஷன். நேராக வக்கீலின் மேசைக்கு வந்து நின்றார்.

"வக்கீல் சார், ஸ்ப்லாவார் நோட்டுல நாலாம் பக்கத்தைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

ஓக்னென் படித்தார். "'விடோவ்தான் பண்டிகை. ஜூன் பதினைந்து. எங்கள் முதல் ஆட்டம்.'"

"விடோவ்தான் என்னிக்கு சார் வரும்?"

"ஜூன் இருபத்தெட்டு. இது யாருக்குத் தெரியாது?"

"அப்ப ஏன் பதினஞ்சுன்னு எழுதியிருக்கு?" டிஹோமிர் மேசையைத் தட்டினார். "எழுதினது ஒரு பாதிரியார்! சர்ச்சோட பழைய காலண்டர்ல எழுதியிருக்கார். அது ஆபீஸ் காலண்டருக்குப் பதிமூணு நாள் பின்னாடி. நோட்டு பூரா அதே கணக்குதான். இவங்க டிசம்பர் இருபத்தெட்டுல பதிமூணைக் கூட்டுங்க!"

வக்கீல் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் மாறியது.

"ஜனவரி பத்து..."

"எங்களுது ஜனவரி ஏழு. மூணு நாள் மூத்தவங்க நாங்க!"

செய்தி தீ மாதிரி பரவியது. விஹோர் கூட்டம் குதித்தது. "ஏசு பொறந்த நாளு, விஹோர் பொறந்த நாளு!" என்று பாட்டு கிளம்பியது. சர்ச்சின் பழைய காலண்டர்படி இவர்களுக்கு ஜனவரி ஏழுதான் கிறிஸ்துமஸ் ஆயிற்றே! வருடா வருடம் அன்று மதியம் பனியில் ஆண்டுவிழா ஆட்டம் ஆடுகிற கிளப் அது.

ரடோஷ் முஷ்டியை மடக்கிக்கொண்டு கிளம்பினார். தெசாங்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க தலைவரே. அடிச்சா தேதி மாறிடுமா?"

"மாறாது. மனசு ஆறும்!"

"உக்காருங்கன்னா..."

அவளே எழுந்துபோனாள். "வக்கீல் சார், அவங்க ஏட்டை நான் பாக்கலாமா?"

"பாரு, தாராளமா பாரு!" என்று டிஹோமிர் சிரித்தார். "கண்ணாடி வேணுமா, கூமா?"

கூமா என்றுதான் அவர் அவளை அழைப்பார். டிஹோமிரின் கல்யாணத்தில் பெண்ணுக்குச் சாட்சியாக நின்றவள் தெசாங்கா. அந்த உறவு ரத்த உறவைவிடக் கெட்டி. மைதானத்தில் மட்டும் அது செல்லாது.

மங்கிய மையில் நாலே வரி. 'ஜனவரி ஏழு. யோவான் பான்டிச் வீட்டில் மதிய விருந்து. மெழுகுவத்தி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. மேசையில் இருபத்தேழு பேர். கால்பந்துக் கிளப் ஒன்று தொடங்குவதென்று கோப்பை உயர்த்தினோம்.'

அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. தெசாங்கா ஏட்டை மேசையில் வைத்தாள். மைதானக் கடிகாரம் முப்பத்தோராவது நிமிடத்தைக் காட்டியது.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். டிஹோமிரின் மனைவி மிலுன்கா. கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

"விடுடி தெசா. பேர்தானே? எனக்கென்னவோ இந்த விஹோர் ஒழிஞ்சாலே நிம்மதி. நாப்பது வருஷமா கிறிஸ்துமஸ் அன்னிக்கு வறுத்த பன்னி ஆறிப்போய்க் கிடக்கும், இவர் பனியில விசில் ஊதிட்டிருப்பார். எந்த வீட்டுலயாவது கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆம்பளை வெளிய போவானா? காலையில ஒருத்தன் வருவான், அடுப்பைக் கிளறி வாழ்த்திட்டுப் போவான். அவனோட சரி. அப்புறம் யாரும் யார் வாசலையும் மிதிக்க மாட்டாங்க."

தெசாங்காவின் கை விதைப் பொட்டலத்தருகே அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"பன்னி ஆறிப்போகும்னு..."

"அதில்லடி! கடைசியா சொன்னது!"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுபடி அந்த ஏட்டை எடுத்துப் பிரித்தாள். மேசையில் இருபத்தேழு பேர். கிறிஸ்துமஸ் அன்று, அடுத்தவன் வீட்டில், இருபத்தேழு பேரா?

மைதானத்தில் ஸ்ப்லாவார் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கேலரியில் பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். தெசாங்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வக்கீல் சார்! இது கிறிஸ்துமஸ் இல்ல!"

நாற்பத்தோராவது நிமிடம்.

"ஜனவரி ஏழுன்னு எழுதியிருக்கேம்மா."

"உங்க வீட்டுல கிறிஸ்துமஸ் அன்னிக்கு எத்தனை விருந்தாளி?"

"ஒருத்தர். காலையில."

"இங்க இருபத்தேழு பேர் உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. மேசையில மெழுகுவத்தி எரியுது. கூப்பிடாமலே ஊர் திரண்டு வர்ற விருந்து எது சார்?"

ஓக்னென் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்லாவா..." என்றார் மெதுவாக. ஒவ்வொரு குடும்பமும் தன் புனிதருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற நாள். "ஆனா யார் வீட்டு ஸ்லாவா, என்னிக்குன்னு தெரியணுமே?"

"நான் சொன்னா செல்லாது. அதைச் சொல்ல அந்த வீட்டு வாரிசு இங்கயே இருக்காரே!" தெசாங்கா திரும்பினாள். "கூமா நான் கேக்கறேன், டிஹோ. யோவான் பான்டிச் உன் கொள்ளுத்தாத்தா. உங்க வீட்டு ஸ்லாவா எந்தப் புனிதருக்கு?"

டிஹோமிரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. பாட்டு அடங்கி, முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது.

"நிக்கோலான்னு சொல்லுங்க தலைவரே!" என்று விஹோர் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். "பாதி ஊருக்கு நிக்கோலாதான்! அது டிசம்பர்ல வருது, இவ கணக்கே ஒட்டாது! யாரு போய்ப் பாக்கப் போறா?"

அவ்வளவுதான். டிஹோமிர் அவன் பக்கம் புலி மாதிரி திரும்பினார்.

"வாயை மூடுறா கழுதை! என் அப்பன் ஏத்தின மெழுகுவத்தியை ஒரு பந்துக்காக நான் மாத்திச் சொல்லணுமா?"

தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலையில் வெயில் பளபளத்தது.

"புனித யோவான்" என்றார். "ஜனவரி இருபது. இந்த வருஷமும் கூமா வந்தா. ரெண்டு தட்டு ஸ்லாவா கோதுமை இனிப்பு தின்னா."

"மூணு" என்றாள் மிலுன்கா.

இருபதிலிருந்து பதின்மூன்றைக் கழித்தால் ஏழு! விஹோர் ஏட்டை எழுதியவனும் பழைய காலண்டரில்தான் எழுதியிருக்கிறான். பெரியவர்கள் போன பிறகு, பின்னால் வந்தவர்கள் ஏழு என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கிறிஸ்துமஸ் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இடைவேளை விசில் ஊதியது. மைக் கரகரத்தது.

"ஸ்ப்லாவார், ஜனவரி பத்து. விஹோர், ஜனவரி இருபது." வக்கீலின் குரல் ஆற்றைத் தாண்டிப் போனது. "மூத்த கிளப்... ஸ்ப்லாவார்!"

கேலரி இடிந்து விழாதது ஆச்சரியம். ரடோஷ் முன்பின் தெரியாத போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். ஆட்டக்காரர்கள் தெசாங்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "இறக்குங்கடா, பை விழுந்துடும்!" என்று அவள் அலறினாள், சிரித்தாள், அழுதாள், எல்லாம் ஒரே மூச்சில்.

கீழே இறங்கியபோது எதிரே டிஹோமிர் நின்றார். கண் சிவந்திருந்தது. தெசாங்காவுக்குச் சிரிப்பு அடங்கியது. நூறு வருடக் கிளப் ஒன்று இந்த மனுஷனின் வாயாலேயே முடிந்திருக்கிறது.

"டிஹோ... நீ நிக்கோலான்னு சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா அடுத்த ஜனவரியில எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மெழுகுவத்தி ஏத்துவேன்?" மூக்கை உறிஞ்சினார். "பையில சின்னம் வெச்சிருக்கியாமே. ஒண்ணு குடு. நேரா தைக்கணும், கோணலா இருந்தா போட மாட்டேன்."

அவர் சட்டையில் தைக்க அவள் ஊசியை எடுத்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மிலுன்காவுக்கு இப்போதுதான் கணக்கு முழுதாக விளங்கியிருந்தது.

"அப்ப கிறிஸ்துமஸ்ல ஆண்டுவிழாவே இல்லையா? நாப்பது வருஷம், டிஹோ! நாப்பது பன்னி!"

"கூமா, சீக்கிரம் தை" என்றார் டிஹோமிர். "நான் ஓடணும்."

இரண்டாம் பாதி தொடங்கிய முதல் உதையிலேயே பந்து வானத்துக்கு எழும்பி, ஆற்றில் போய் விழுந்தது. படகுக்காரர் துடுப்பை எடுத்தார். இந்த முறை இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து அவருக்குக் கை தட்டினார்கள்.