வெள்ளிக்கிழமை வருகிறவன்

ஐஸ் பெட்டியின் வயரை ரேகாதான் பிளக்கில் செருகினாள். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. கண்ணாடிக்குள் அவள் அம்மா அங்கம்மா, இறால் உரித்து உரித்து வெளுத்த விரல்களை மார்பில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமானது தெரியாமல் தூங்குகிறவளைப்போலக் கிடந்தாள்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்குமா இது?" பெட்டி கொண்டுவந்தவனிடம் தாய்மாமன் ராமதாஸ் கேட்டார்.

"கரண்டு இருந்தா தாங்கும்ணா."

"எதுக்கு மாமா வெள்ளிக்கெழம?" ரேகா நிமிர்ந்தாள்.

"இன்னா கேள்வி கேக்குற? ஒரே ஆம்பளப் புள்ள. பொன்ராஜ் வெள்ளிக்கெழம வரான்னு உங்கம்மா குப்பம் பூரா சொல்லிகினு இருந்துச்சே. அவன் வராம எடுத்துடுவமா? எல்லாராண்டயும் பேசிட்டேன். அதுவரைக்கும் ஒரு படகு எறங்காது."

சாவு விழுந்தால் எடுக்கும்வரை குப்பத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வளைகுடாவில் சண்டை வந்ததிலிருந்து டீசலுக்கு வழியில்லாமல் பாதிப் படகுகள் கரையில்தான் கிடந்தன. இருந்தும் மூன்று நாள் சும்மா உட்கார ஒத்துக்கொண்டிருந்தார்கள், பாவம், பொன்ராஜுக்காக.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னது ரேகாதான்.

பொன்ராஜுக்கு எண்ணெய்க் கப்பலில் வேலை. வளைகுடாவில் சண்டை மூண்ட நாளிலிருந்து அங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்றுமதி நின்று இறால் கம்பெனியில் வேலை பாதியானது. கேஸ் கிடைக்காமல், உடைந்த மீன்பெட்டிப் பலகையை எரித்துச் சமைத்தாள். புகைக்கு நடுவே ரேகாவின் ஃபோனை வாங்கிப் பிள்ளைக்குப் பேசி அனுப்புவாள்: "நைனா, சாப்டியா? குண்டு போடுற பக்கம் போவாத, இன்னா?" கப்பல் ஏதோ தெரு மாறிப் போய்விடலாம் என்பதுபோல.

போன வாரம், அவனைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்ட் ரேகாவைக் கூப்பிட்டான். கப்பலில் ஏவுகணை விழுந்தது. எஞ்சின் ரூமில் இருந்த மூன்று பேரில் பொன்ராஜும் ஒருவன். உடல்கூடக் கிடைக்கவில்லை; தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஃபோனை இறக்கியபோது எதிரே அம்மா நின்றாள். பக்கத்தில் பொன்ராஜின் பெண்டாட்டி அம்மு, ஏழு மாத வயிற்றோடு.

"இன்னாடி சொன்னாங்கோ?"

வாயில் வந்தது அதுதான். "லீவு கெட்ச்சிடுச்சாம்மா. அடுத்த வெள்ளிக்கெழம அண்ணன் வருதாம்."

அதற்குள் எப்படியாவது பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அங்கம்மாவோ இன்று காலை காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். விறகுப் புகையில் வறுத்தால் பிள்ளைக்கு வஞ்சிரம் ருசிக்காதாம். வெயிலில் ஆறு மணி நேரம் வரிசையில் நின்றவள், அந்தச் சிலிண்டர்மேலேயே சாய்ந்தாள்.

"மாமா," என்றாள் ரேகா. "அண்ணன் வரல. லீவு கேன்சல் ஆயிடிச்சி. இன்னிக்கே எடுத்துடலாம்."

கால்மாட்டில் கிடந்த அம்மு தலையைத் தூக்கினாள். "எங்கிட்ட சொல்லலியே அது?"

"உனக்குத்தான் அண்ணி மொதல்ல போட்டுச்சாம். டவர் கெடைக்கலியாம்."

ராமதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்போ வீடியோலயாவது காட்டு. துபாய்ல கீறவனுக்கெல்லாம் அப்டித்தானே காட்டுறோம்? பெத்தவ மூஞ்சிய ஒரு தபா பாக்கட்டும்."

பெட்டியின் மூடியை எடுத்தார்கள். ரேகா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். பெண்கள் விலகி அதற்கு வழி விட்டார்கள்.

"பார்ரா ராசா! ஒனக்கு மீனு வறுக்கப் போயி எப்டி வந்துகீது பார்ரா!" என்று ஒருத்தி ஃபோனைப் பார்த்து ஒப்பாரி வைத்தாள்.

"எங்கிட்ட குடு ரேகா."

"நவுத்துனா கட்டாயிடும் அண்ணி. இங்கதான் டவர் கீது. அங்கிருந்தே பேசு."

அம்மு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். "கொழந்த நல்லாகீது. நீ அழுவாத. அங்க யாரு கீறாங்க உனக்கு? வேளைக்கு சாப்புடு."

ரேகா ஃபோனை அம்முவிடமிருந்து அம்மாவின் முகத்துக்கு மெல்லத் திருப்பினாள்.

"இன்னா சொல்றான்?" ராமதாஸ் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல மாமா. பாத்துகினு கீது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும் கண்ணு. புள்ள தாங்க மாட்டான். கட் பண்ணிடு."

அணைந்து கிடந்த திரையின் கீழே, சிவப்புப் பொத்தான் வரும் இடத்தில், ரேகா கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.