படகுக் கொட்டகையில் சேமிக்காதே

வீடு கட்டப் பிளான் வரைகிற தொழிலுக்கென்று வாங்கிய புது மடிக்கணினியில் நான் முதலில் ஏற்றியது பதினாலு வருஷப் பழைய களவு விளையாட்டொன்றை. துறைமுக நகரமொன்றில் கார் திருடி, வங்கி உடைத்து, விரும்பியபடி ஊர் சுற்றலாம். அந்தக் காலத்தில் எல்லாரும் வேறொரு பேர்போன விளையாட்டின் பின்னால் போனார்கள். இதை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. அதைவிட இது நல்லது. இன்றைக்கும் சண்டைக்கு நிற்பேன்.

முன்பு இதை ஆடியது வந்தாறுமூலையில், என் வகுப்புத் தோழன் நிதுர்ஷன் வீட்டில். அவனுடைய கணினி கிழட்டு மாடு. மழையை நிறுத்தி, நிழலை நிறுத்தி, தெருவில் சனத்தையும் நிறுத்தினால்தான் அசையும். ஆளில்லாத ஊரில் கொள்ளையடித்தோம். இப்போது பார்த்தால் அங்கே மழை பெய்கிறது, சனம் குடை பிடிக்கிறது, காரால் முட்டினால் தூஷணத்தில் ஏசுகிறது. வாய்விட்டுச் சிரித்தேன்.

விளையாட்டில் துறைமுகத்துப் படகுக் கொட்டகை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நாளில் நிதுர்ஷன் விளையாட்டை நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வீதம் முடித்திருந்தான். எட்டு மாத உழைப்பு. "கொஞ்சம் ஆடு மச்சான், குளிச்சிட்டு வாறன்" என்று கிணற்றடிக்குப் போனான். நான் அந்தக் கொட்டகைக்குள் நின்று, சேமிக்கிறேன் என்று அவசரத்தில் எதையோ அழுத்தினேன். திரை கறுத்தது. திரும்பத் திறந்தால் அவன் சேமித்து வைத்தது ஒன்றுமே இல்லை. அழிக்கிற பொத்தானைத்தான் அழுத்திவிட்டேன் என்று நினைத்தேன். ஈரத் தலையோடு வந்தவனிடம், "வல்லாஹி, நான் அழிக்கல்ல" என்று அல்லாஹ்மேல் சத்தியம் பண்ணினேன்.

அதற்குமேல் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே போய், எப்போதும் கணினியை நோண்டுகிற எட்டு வயதுத் தங்கச்சி ஆர்த்திகாவின் தலையில் குட்டினான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் அழ, நான் சைக்கிளை எடுத்தேன்.

பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமாக மூன்று நோன்பு பிடித்தேன். உம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது வயிற்றுவலி என்று இன்னொரு பொய். மனம் ஆறவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? எங்கள் ஏறாவூரிலிருந்து அவன் வீட்டுக்குச் சைக்கிளில் கால் மணித்தியாலம்தான். பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. என் கலியாணத்துக்குக்கூட அவனுக்குச் சொல்லவில்லை.

இப்போது அதே கொட்டகைக்குள் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். 'சேமி' என்றே இருந்தது. ஒரே ஒருதரம் அழுத்தினேன். திரை கறுத்தது. திறந்தேன். ஒன்றுமே இல்லை.

இணையத்தில் தேடினால், உலகம் முழுக்க ஆட்கள் அந்தக் கொட்டகையைத் திட்டிவைத்திருக்கிறார்கள். விளையாட்டின் பிழையாம். அங்கே யார் சேமித்தாலும் எல்லாம் அழியுமாம்.

அப்படியென்றால் என் சத்தியம் பொய்யில்லை! "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திவிட்டேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, புது வேல ஏதும் கிடைச்சிட்டா?"

"அதவிடப் பெரிசு" என்றேன்.

நிதுர்ஷனுக்குப் போன் எடுத்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், பொய்யென்று நினைத்துக்கொண்டே சத்தியம் பண்ணியதையும்.

"நீ சத்தியம் பண்ணினாய், நான் அண்டைக்கே நம்பிட்டன். நீதான்டா நம்பயில்ல. இதுக்கா மச்சான் இவ்வளவு காலம் வராம இருந்த?" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆர்த்திகாக்கும் சொல்லு" என்றேன்.

"அவள் பக்கத்திலதான் இருக்கிறாள். எல்லாம் கேட்டுட்டாள்."

கம்பஸில் படிக்கிற பெரிய பிள்ளையாம் இப்போது. 'டொக்' என்று ஒரு குட்டுச் சத்தம் கேட்டது. பின்னாலேயே நிதுர்ஷனின் "ஐயோ!"

"றிஸ்லான் அண்ணன்," அவள் குரல் வந்தது, "உங்கட பங்கு இன்னும் இருக்கு. வந்து வாங்குங்க."

சேர்ட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் திறப்பைத் தேடினேன்.