மற்றும் பலர்

அந்தக் கடிதக்கட்டை விமலநாதன் அண்ணை தானாகத்தான் கொண்டுவந்து என் கையில் தந்தார். நான் கேட்கவில்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், வசந்தினியாகிய நான் கெஞ்சி வாங்கி அவருடைய குடும்பத்தை நாறடித்துவிட்டேன் என்று பிறகு மொன்றியல் முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

அவருடைய பூட்டனார் ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நடத்தியவர். அதற்கு நாடக விமர்சனம் எழுதியவர் சந்தியாப்பிள்ளை என்ற வாத்தியார். வாத்தியாரின் கடிதங்களும் பூட்டனாருடைய பதில்களின் நகல்களும் இல்-பிசார் பகுதியில் இருக்கிற விமலநாதன் அண்ணையின் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்தன.

"எங்கட பரம்பரையின்ர பெருமை தங்கச்சி. இதை நாடகமாப் போடுங்கோ. மண்டபச் செலவு என்ர" என்றார். பெருமை பெருமை என்று கும்பிட்ட மனுசன் ஒரு கடிதத்தையாவது வாசித்துப் பார்த்திருக்கலாம். பழைய கையெழுத்து, விளங்காது என்று விட்டுவிட்டார்.

நான் வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதப் போக்குவரத்து முழுவதும் ஒரே ஒரு பெயரைப் பற்றியதுதான். ஒரு நாடகத்தில் ராசா வேசம் கட்டியவன் செல்லன். "சபையோர் அனைவரையும் அழப்பண்ணினவன் அவனே. ஏனையோர் பெயரெல்லாம் அச்சிட்டு அவன் பெயரை மாத்திரம் நீக்கியது என்ன நியாயம்?" என்று வாத்தியார் கேட்கிறார். "அச்சாதியான் பெயரை ஏற்றினால் சந்தாக்காரர் தாளைத் திருப்பி அனுப்புவர். தாங்கள் அறியாததா?" என்று பத்திராதிபர் எழுதுகிறார். வாத்தியார் விடவில்லை. பத்திராதிபரும் கடைசிவரை போடவில்லை.

அதையே நாடகமாக்கினேன். எங்கள் நாடகக் குழுவின் ஜெராட் பத்திராதிபர், நான் வாத்தியார். எங்கள் இருவருக்கும் நடுவே பேசாமல் ஆடுகிற செல்லனாக அருமைராசா அண்ணை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிறார், ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. ராசா முடியைத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாரென்றால் எனக்கு என் வசனம் மறந்துபோகும். அப்படி ஒரு நடிகன்!

ரொக்ஸ்பரோவில் தேவாலய நிலவறையில் ஒத்திகை நடந்தபோது விமலநாதன் அண்ணை எங்களுக்குத் தின்ன ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்து உட்கார்ந்தார். பாதியிலேயே முகம் சுண்டிப்போனது.

"இஞ்ச கனடாவில ஆர் சாதி பாக்கினம்? ஏன் செத்த பாம்பை அடிக்கிறியள்?"

"செத்ததெண்டா ஏன் அண்ணை பயப்பிடுறியள்?" என்றேன்.

அவர் எழுந்தார். உடுப்புக் களைந்துகொண்டிருந்த அருமைராசா அண்ணையிடம் போய், சிரித்த முகத்தோடு, "நீங்கள் ஊரில எவ்விடம்?" என்றார். அவர் ஊரைச் சொன்னார். "ஊர் சரி. ஊரில எந்தச் சந்தியடி?" சாதியை வாயால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. அருமைராசா அண்ணை சந்தியையும் சொன்னார். "ஓ" என்றார் இவர். அந்த 'ஓ'வுக்கே செவிட்டில் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி. "மேடையில கடிதத்தை முழுக்க வாசியுங்கோ தங்கச்சி, எனக்கு ஆட்சேபனை இல்லை. நோட்டீஸில மட்டும் அந்த ராசா வேசக்காரற்ர பேரைப் போடாதேங்கோ. மற்றும் பலர் எண்டு போட்டுவிடுங்கோ. பேரைக் கண்டா சனம் ஆர் எவர் எண்டு விசாரிக்கும்."

"அண்ணை, நூற்றிநாப்பது வருசத்துக்கு முந்தி உங்கட பூட்டன் எழுதினதைத்தானே இப்ப நீங்கள் சொல்லுறியள்! விளங்குதோ?"

"சீ, அது வேற, இது வேற."

வெட்கம் கெட்ட மனுசன்! உங்கள் மண்டபமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று கத்திவிட்டு, நேரே மெட்ரோ பிடித்து அருமைராசா அண்ணை வீட்டுக்குப் போனேன். நோட்டீஸில் உங்கள் பெயர்தான் முதல் பெயர், ஆகப் பெரிய எழுத்தில், என்றேன்.

"வேண்டாம் பிள்ளை" என்றார். "என்ர மகள் ஜென்சிக்குக் கலியாணம் பேசியிருக்கிற பெடியன் விமலநாதன்ர மனுசியின்ர தமக்கை மகன். நாங்கள் எந்தச் சந்தியடி எண்டு பெடியன்ர தாய்க்கு இன்னும் தான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு விமலநாதன் எனக்குப் போன் அடிச்சுச் சொன்னவர். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்."

"ஜென்சிக்கு உதெல்லாம் தெரியுமோ?"

"இஞ்ச பிறந்த பிள்ளை. அவளுக்கு ஏன் அந்த அழுக்கு? மண்டபத்தையும் விடாதேங்கோ, நாடகம் நடக்கட்டும். என்ர பேர் மட்டும் வேண்டாம்."

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. ஆனால் தாயில்லாமல் வளர்த்த மகளின் வாழ்வு அது. என் வாய்வீரத்துக்கு அவளைப் பலிகொடுக்க நான் யார்? வீட்டுக்கு வந்து, மண்டபம் வேண்டும் என்று விமலநாதனுக்கு அறிவித்துவிட்டு, அவரையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு, நோட்டீஸில் "மற்றும் பலர்" என்று என் கையாலேயே அடித்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. அருமைராசா அண்ணை ஆடி முடிக்கும்வரை ஒரு கைக்குழந்தைகூடச் சிணுங்கவில்லை. செல்லன் என்ற பெயரை நான் உரக்கச் சொல்லி முடித்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் விமலநாதனும் கைதட்டினார். நல்லாய்த் தட்டினார்!

பிறகு பொன்னாடை. விமலநாதன் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான், ஜெராட், மிருதங்கம், ஒப்பனை, விளக்குப் போட்ட பெடியன் வரைக்கும். "மற்றும் ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. வெளியில சிற்றுண்டி இருக்கு" என்றார். அருமைராசா அண்ணை ராசா உடுப்போடு ஓரமாக நின்றார்.

"ராசாவா நடிச்சவருக்கு?"

மூன்றாம் வரிசையில் ஜென்சி எழுந்து நின்றாள். பக்கத்தில் அவளுக்கு மாமியாராக வரப்போகிறவர்.

"எல்லாருக்கும்தானே நன்றி சொன்னனான், மகள்" என்றார் விமலநாதன்.

"இவ்வளவு நேரமும் என்ன நாடகம் பாத்தனீங்கள், அங்கிள்?"

மேடையிலிருந்து தகப்பன், இரு இரு என்று கையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற குரலில், "மாமி, அப்பா எந்தச் சந்தியடி எண்டு எனக்கு எப்பவோ தெரியும். பேந்து வீட்ட போய் நானே உங்களுக்குச் சொல்லுறன். பிடிக்காட்டி விடுங்கோ" என்றாள்.

பிறகு மேடைக்கு நடந்து வந்தாள்.

"இப்ப அப்பான்ர பேரைச் சொல்லுங்கோ."

விமலநாதன் சுற்றிப் பார்த்தார். மைக்கை நெஞ்சோடு இறக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"மைக்கில சொல்லுங்கோ" என்றாள் ஜென்சி.