ஐயனார் மேட்டில் ஐம்பத்தோராவது ஏற்றம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி மலை இல்லை என்றால் சிலருக்குக் கோபம் வரும். சித்தன்னவாசல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பாறையில் ஏறிய சமணர்களே முதல் வேலையாகக் கல்லில் படுக்கை வெட்டிப் படுத்துவிட்டார்கள். விவரமானவர்கள். அதன்மேல் சைக்கிள் விட வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்பேர்ப்பட்ட மாவட்டத்தில் ‘புதுகைச் சிகரங்கள்’ என்று ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மஞ்சள் பனியனும் தொடையைக் கவ்விய கறுப்பு டவுசரும் மாட்டிக்கொண்டு, தோசைக்கல் மாதிரி தட்டையான ரோட்டில் முப்பது கிலோமீட்டர் போய், இட்லி தின்றுவிட்டுத் திரும்புவார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு நாள் கொல்லிமலைக்குப் போய் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவார்கள். மிச்சம் முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேச்சு.

தமிழ்செல்வனுக்கு மட்டும் அந்தப் பேச்சு எட்டிக்காய். அன்னவாசலில் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வயது நாற்பத்து மூன்று, எடை எண்பத்தெட்டு. போன வருடம் கொல்லிமலையில் நாற்பத்தோராவது வளைவில் அவர் கண்ணுக்கு ரோடு இரண்டாகத் தெரிந்தது. அந்த வழியாக வெங்காயம் ஏற்றி வந்த லோடு ஆட்டோக்காரர் பாவம் பார்த்து, மனிதரையும் சைக்கிளையும் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டார். தார்ப்பாய்மேல் சாய்ந்த தமிழ்செல்வன் அப்படியே தூங்கிப்போனார். முதுகில் ஏதோ குத்திக்கொண்டே வந்ததுகூட அவரை எழுப்பவில்லை. அந்தத் தடம் மறைய ஒரு வாரம் ஆனது. வெங்காயம்தான் குத்தியிருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டார்.

தடம் மறைந்தது, படம் மறையவில்லை. வாயைப் பிளந்தபடி, கன்னத்தில் வெங்காயத் தோல் ஒட்டியபடி, இரும்புக் கம்பிகளுக்கு அப்பால் அவர் உறங்குவதை யாரோ எடுத்துவிட்டார்கள். அது வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆனது. குழுவில் யாராவது ‘குட் நைட்’ சொன்னால் அந்த ஸ்டிக்கர் வரும். மழை வந்து ரைடு ரத்தானால் அது வரும். ஒருமுறை ஒரு இரங்கல் செய்திக்குக் கீழேயும் வந்தது. அவர் மனைவி அருணா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு புருஷனுக்காகக் கோபப்பட்டாள். முதலில் சிரித்தாளே என்பதுதான் தமிழ்செல்வனுக்கு ஆறவில்லை.

கேப்டன் ஆனந்தராஜிடம் போய் நின்றார். ஆனந்தராஜுக்குப் புதுக்கோட்டையில் டைல்ஸ் கடை. கொல்லிமலை உச்சியை வருடா வருடம் முதலில் தொடுகிறவர். அவர் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார். ஒரே பகலில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும், போன் கணக்குக் காட்ட வேண்டும், ஏற்றத்தில் ஒரு காலும் தரையில் படக் கூடாது. செய்தால் ஸ்டிக்கர் எல்லோர் போனிலிருந்தும் போகும். ஒரு தடவை கால் பட்டாலும் அது ஆயுசுக்கும் இருக்கும்.

ஆயிரம் மீட்டருக்கு எங்கே போவது? அன்னவாசலுக்கு மேற்கே ஐயனார் மேடு என்று ஒரு பாறை மேடு உண்டு. அடிவாரத்தில் ஒரு டீக்கடை, உச்சியில் ஐயனார் கோயில், நடுவில் வளைந்து போகிற சிமெண்டு ரோடு. உயரம் இருபது மீட்டர். ஐம்பது தடவை ஏறி இறங்கினால் ஆயிரம். கணக்கு என்று வந்துவிட்டால் எழுத்தருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கிளம்பும்போது கண்ணேறு படாமல் இருக்க அருணா ஹேண்டில்பாரில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாள். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

டீக்கடைக்காரி இருளாயி ஆறு மணிக்குக் கடை திறந்தாள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு கனத்த மனிதர், எலுமிச்சம்பழம் கட்டின வண்டியில் ஐயனாரிடம் போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். ஏழாவது தடவை அவளுக்கு விளங்கிவிட்டது, இது வேண்டுதல். என்ன வேண்டுதல் என்று அவள் கேட்கவில்லை. வேண்டுதல்காரரிடம் அதைக் கேட்பது அந்த மேட்டுப் பக்கத்தில் மரியாதை இல்லை. நேராகப் போய் ஒரு சொம்பு நீர்மோர் கரைத்து எடுத்துவந்தாள்.

“சாமி, இதக் குடிச்சுப்புட்டு ஏறுங்க.”

தமிழ்செல்வன் சாமி என்பதைக் கவனிக்கவில்லை. மோரைத்தான் கவனித்தார். இஞ்சியும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்ட மோர். பன்னிரண்டாவது சுற்றில் கோயில் பூசாரி மலையாண்டி வெளியே வந்து, மண்குதிரையின் முன்னங்காலில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கணக்கு வைக்கத் தொடங்கினார். பதினெட்டாவது சுற்றில் உச்சியில் வண்டி திரும்பும்போது நெற்றியில் விபூதி அடித்தார். அப்போதுதான் நம் ஆளுக்கு விஷயம் உறைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏறும்போது மூச்சில்லை, இறங்கும்போது நேரமில்லை, அடிவாரத்தில் மோர் இருந்தது.

இருபதாவது சுற்றுக்குப் பிறகு ஊரே வந்துவிட்டது. அந்த மேட்டில் ஒரு வழக்கம். பெரிய வேண்டுதலைச் சுமக்கிறவர் கிடைத்தால், மற்றவர்களும் ஒற்றை ரூபாய் வைத்த மஞ்சள் துணியை அவருடைய காவடியில் முடிந்துவிடுவார்கள். முடியும்போது தங்கள் வேண்டுதலை அவர் காதில் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும் என்று நம்பிக்கை. காவடி இல்லாவிட்டால் என்ன, சைக்கிள் இருக்கிறதே. எடை குறைய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கின அந்தச் சைக்கிளில் பிரேக்கை மட்டும் விட்டுவிட்டு மிச்ச இடமெல்லாம் முடிச்சுப் போட்டார்கள். பேசக்கூட முடியாமல் இரைக்கிற மனிதர் காதில் ஒவ்வொருவராக ஓதிவிட்டுப் போனார்கள். ஒருவர் மகனுக்குக் கத்தார் விசா. பிரகதீஸ்வரி என்கிற காலேஜ் பெண்ணுக்கு நாலு அரியர். இருளாயி கடைசியாக வந்து, மூன்று நாளாகக் காணாமல் போன தன் சினை ஆட்டைச் சொன்னாள். ஒன்பது சொம்பு மோர் கொடுத்தவள், அதுவரை வாய் திறந்து எதையும் கேட்காதவள்.

மூன்று மணி வாக்கில் ஆனந்தராஜ் காரில் வந்து இறங்கினார். சைக்கிள் சர்வீஸில் இருக்கிறதாம். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மாலையும் விபூதியும் முடிச்சுமாக அம்மன் கோயில் வேப்பமரம் போல வந்த தமிழ்செல்வனைப் பார்த்து, சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கழன்று விழுந்தது. உடனே போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

ஐம்பதாவது ஏற்றம் முடிந்தது. ஒரு தடவைகூடக் கால் படவில்லை. தமிழ்செல்வன் போனைத் தடவிப் பார்த்தார். தொள்ளாயிரத்து எண்பத்தாறு. மேடு இருபது மீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல் போல. ஆண்டவா, இந்தப் பதினாலு மீட்டரை எங்கே ஒளித்து வைத்தாய் என்று அவருக்கு அழுகையே வந்தது. சரி, இன்னும் ஒரு சுற்று, அவ்வளவுதானே என்று இறங்கினார்.

அடிவாரத்தில் மலையாண்டி உடுக்கையோடு நின்றார். அவருக்கும் இன்னொரு சுற்றுத்தான் வேண்டியிருந்தது. ஐம்பது இரட்டைப்படை, மொய்கூட ஐம்பத்தொன்று என்றுதானே எழுதுகிறோம் என்றார். தமிழ்செல்வனுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பூசாரி அதோடு நிறுத்தவில்லை.

“கடைசிச் சுத்து செருப்பக் கழட்டிட்டு நடந்துதான் ஏறணும் சாமி. வண்டியத் தோள்ல வச்சுக்கங்க. ஐயனாரே குதிரைய வெளிய நிப்பாட்டிட்டுத்தான் உள்ள உக்காந்திருக்காரு.”

நடந்தால் கால் தரையில் படும். கால் பட்டால் ஸ்டிக்கர் ஆயுசுக்கும் இருக்கும். ஆனந்தராஜ் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

இதற்குமேல் முடியாது என்று தமிழ்செல்வன் பூசாரியைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை; ஒரு போட்டோவுக்காகத்தான் இத்தனையும். மலையாண்டி கோபப்படவில்லை. காதைக் குடைந்துகொண்டு கேட்டார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“அத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? முடிச்சுப் போட்டவுககிட்ட சொல்லுங்க.”

தமிழ்செல்வன் திரும்பிப் பார்த்தார். இருபத்து மூன்று பேர் நின்றார்கள். இருளாயி பத்தாவது சொம்பை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் அப்படிப் பார்ப்பதைப் பார்த்து, மோருக்குத்தான் பார்க்கிறார் என்று எண்ணி, இந்தா வாரேன் என்று கையைக் காட்டினாள். அந்தக் கையைப் பார்த்தபிறகு எந்த மனிதனால் சொல்ல முடியும்? ஒரு வருடமாகச் சுமந்த அவமானத்தை இன்னும் ஒரு ஆயுள் சுமப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். மனசு வலித்தது. குனிந்து ஷூவைக் கழற்றினார்.

ஆனி மாதத்து மூன்றரை மணிச் சிமெண்டு ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும். தமிழ்செல்வன் நடந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. குதித்தார் என்பதுதான் நிஜம். தோளில் சைக்கிள், கழுத்தில் மாலை, முன்னால் உடுக்கை, பின்னால் குலவை. பெண்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் இடத்தில் மட்டும் அரை விநாடி நின்று, உயிர் வந்து, மறுபடி குதித்தார். ஆனந்தராஜ் வீடியோ பிடித்தபடி பின்னாலேயே வந்தார். அவரையும் யாரோ ஷூவைக் கழற்ற வைத்துவிட்டார்கள்.

பாதி மேட்டில் சைக்கிள் தோளிலிருந்து நழுவியது. கீழே விழுந்தால் இருபத்து மூன்று பேரின் முடிச்சும் மண்ணில். ஆனந்தராஜ் போனைப் பையில் போட்டுவிட்டுப் பாய்ந்து பின்சக்கரத்தைப் பிடித்தார். பிடித்தவரால் பிறகு விட முடியவில்லை. நொண்டி நொண்டி, உச்சிவரை முக்கால் எடையும் அவர்மேல்தான் வந்தது. தமிழ்செல்வனும் அதைக் கண்டும் காணாமல் நடந்தார்.

ஐயனார் முன்னால் சைக்கிளை இறக்கினார்கள். மலையாண்டி தீபம் காட்டினார். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆனந்தராஜ் மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, பூசாரியிடம் ஒரு துண்டு மஞ்சள் துணி வாங்கி, சீட்டுக்குக் கீழே முடிந்தார். பிறகு தமிழ்செல்வன் காதருகே குனிந்து, முட்டி என்று சொன்னார்.

“என்னண்ணே?”

“முட்டி, தமிழு. ரெண்டும் போச்சு. டாக்டரு படியே ஏறக் கூடாதுன்னுட்டாரு. ரெண்டு வருசமாச்சு.”

தமிழ்செல்வன் மாலையை விலக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். ரெண்டு வருசமா? அப்படியானால் போன வருடம் கொல்லிமலை உச்சியில் முதல் ஆளாக நின்று கையைத் தூக்கினது யார்? ஆனந்தராஜ் முடிச்சை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அது அவிழ்ந்துவிடக் கூடாதே என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

“அதே லோடு ஆட்டோதான். நான் டிரைவர் பக்கத்துல, தலையில துண்டப் போட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் நீ தூங்குன. சிரிப்பு தாங்கல, எடுத்துட்டேன். கடைசி வளைவுக்கு முன்னாடி ஒன்ன உருட்டிவிட்டுட்டு என் வண்டிய எடுத்துக்கிட்டேன்.”

“உருட்டிவிட்டுட்டா?”

“நீ அது மேலதான படுத்திருந்த. தார்ப்பாய்க்கு அடியில.”

தமிழ்செல்வனின் கை தானாக முதுகுக்குப் போனது. ஒரு வாரம் தைலம் தேய்த்த இடம். வெங்காயம் இல்லை, கேப்டனுடைய பெடல். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறொரு கேள்வி வந்துவிட்டது.

“நீங்க எத்தனாவது வளைவுல ஏறுனீங்க?”

ஆனந்தராஜ் ஐயனாரைப் பார்த்தார், மண்குதிரையைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் சொன்னார்.

“பன்னெண்டு.”

நாற்பத்தொன்று எங்கே, பன்னிரண்டு எங்கே? தமிழ்செல்வன் மண்குதிரையின் சுண்ணாம்புக் கோடுகளில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். மாலைப் பூ உதிர உதிரச் சிரித்தார். ஊர்க்காரர்கள் அருள் வந்துவிட்டது என்று கும்பிட்டார்கள். இருளாயி சொம்போடு ஓடிவந்தாள்.

கீழே இறங்கும்போது, ஸ்டிக்கரை இப்போதே அழித்துவிடுகிறேன், நீயும் யாரிடமும் சொல்லாதே என்றார் ஆனந்தராஜ். காதில் சொன்ன வேண்டுதலை வெளியே சொல்வது அந்த மேட்டு வழக்கமில்லை என்பது தமிழ்செல்வனுக்கு இதற்குள் தெரிந்திருந்தது.

“அழிக்க வேணாண்ணே. இருக்கட்டும். எம் மூஞ்சிக்குக் கீழ, நாப்பத்தொண்ணுன்னு மட்டும் பெருசா எழுதிப் போடுங்க.”

ஆடு மறுநாள் வந்தது, இரண்டு குட்டிகளோடு. தொடங்கிய வேண்டுதலை மூன்று வருடம் விடாமல் செய்ய வேண்டுமாம். அடுத்த ஆனிக்கு வரும்போது கூட வந்த நொண்டி சாமியையும் கூட்டிவரச் சொல்லி மலையாண்டி போனில் ஞாபகப்படுத்தினார். குழுவில் இப்போதும் குட் நைட் சொன்னால் அந்த ஸ்டிக்கர்தான் வருகிறது. அது என்ன நாற்பத்தொன்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேப்டன் மட்டும் அந்த நேரம் பார்த்து ஆஃப்லைன் போய்விடுகிறார்.