யூலைக்கு ஒரு கிழமை முன்னால்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அறையில்தான் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் என் சிநேகிதி எவ்லின், இருபத்தேழு வயது மகன் ரொனியின் கன்னத்தில் விட்ட அறை. வெள்ளவத்தையிலிருந்து சும்மா அவளைப் பார்க்கப் போன நான் பக்கத்தில் நின்றேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சொல்லாமல் வந்து நின்ற மகனைக் கண்டு தாயின் கண்களில் ஆனந்தக்…’

இல்லை. அவள் அழவில்லை.

"கிளப் உன்னை வர விட்டதா?" என்றாள்.

"இல்ல அம்மா. ஆனா ஸ்ரீலங்கா டீமுக்கு முதல்தரம் கூப்பிட்டிருக்கினம். அதுவும் கொழும்பில மட்ச்."

"டெனிஷாவும் பிள்ளையும் அங்க உன்ர விசாவிலயடா இருக்கினம்!"

அப்போதுதான் அறை.

3

(றக்பி தெரியாதவர்களுக்கு: ரொனி மனைவி டெனிஷாவோடும் பிள்ளையோடும் ஒஸ்ரேலியாவில் இருந்து ஒரு கழகத்துக்கு ஆடுகிறான். நாட்டுக்காக ஆட அழைத்தால் கழகங்கள் வீரர்களை விட்டே ஆகவேண்டிய கிழமைகளை உலக அமைப்பு குறித்து வைத்திருக்கிறது. யூலையில் சில, நவம்பரில் சில. பெரிய அணிகள் மோதும் காலம். எங்கள் ஆசியப் போட்டி யூன் கடைசியில் வந்தது. அதற்கு விடுவதும் விடாததும் கழகத்தின் விருப்பம். ஒரே ஒரு கிழமை வித்தியாசம்! இதை வாசித்தபோது நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.)

4

கழகத்திலிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை அங்கே களத்தில் நிற்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. அதோடு விசாவும். கொழும்பு ஆட்டமும் அதே சனிக்கிழமை.

எவ்லின் என் பக்கம் திரும்பினாள். "நீ கதை எழுதுறவள்தானே? மட்ச ஒரு கிழமை தள்ளி வையன்."

5

வைத்தேன். யூலை. கழகம் சிரித்த முகத்தோடு அனுப்புகிறது. பார்வையாளர் வரிசையில் டெனிஷா, மடியில் பிள்ளை. ரொனி ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைக்கிறான்.

பிறகொரு நாள் எவ்லினுக்கு வாசித்துக் காட்டினேன்.

"வடிவாயிருக்கு," என்றாள். "இது ஆர்ட மகன்?"

6

அழித்துவிட்டேன். திரும்பவும் யூன்.

வாசலில் ஓட்டோ. ரொனி பையோடு ஏறினான். "கொஹாடத அய்யே?" எங்கே போகவேண்டும் என்று ஓட்டோக்காரன் சிங்களத்தில் கேட்டான். ரொனி சொன்னான். அதைக் கேட்ட எவ்லின் வாசல்படியில் அப்படியே குந்திவிட்டாள்.

என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும். எழுதாதே என்று அவள் கேட்டிருக்கிறாள். நீங்கள் விரும்பியதை வைத்துக்கொள்ளுங்கள். எயார்போர்ட் என்றிருந்தாலும் அவள் அப்படித்தான் குந்தியிருப்பாள். கிரவுண்ட் என்றிருந்தாலும்.